மொழித்தேர்ச்சி குறைந்தவரை விலக்குவது பாகுபாடா?

பலர் கூடி ஒரு வேலையைச் செய்யும் இடத்துக்கு, அங்கே புழங்கும் மொழி சரியாக வராத ஒருவர் வந்து சேர்கிறார். அவரை விலக்கினால் அது பாகுபாடா, வேலையைக் காக்கும் நியாயமான ஏற்பாடா? அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் முக்கால் நூற்றாண்டாக விவாதித்துவரும் இந்தக் கேள்வி, இப்போது இணையவழிக் கூட்டுப்பணிகளின் விதிகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு 2021-இல் ஏற்ற உலகளாவிய நடத்தை நெறி, பங்கேற்பாளர்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறையில் எந்த வேறுபாட்டின் பேரிலும் விதிவிலக்கு கூடாது என்கிறது. வயது, உடற்குறை, இன மதப் பின்னணி, சாதி, வர்க்கம், பாலினம் என்று நீளும் அந்தப் பட்டியலில் மொழித்தேர்ச்சியும் இருக்கிறது. அதே இயக்கத்தின் தளமான ஆங்கில விக்கிப்பீடியாவிலோ, பங்களிப்பவருக்குத் திறமை தேவை என்று வாதிடும் ஒரு விளக்கக் கட்டுரை நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. கட்டுரைகளில் புரியாத உரையைச் சேர்க்காமல் இருக்கவும், மற்றவர்களோடு பேசித் தீர்க்கவும் போதுமான ஆங்கிலம் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அது கொள்கைப் பக்கம் அல்ல. ஆனால் ஒருவரைத் தடைசெய்யலாமா என்ற விவாதங்களில் திரும்பத் திரும்பச் சுட்டப்படுகிறது. இந்த இரண்டு வாசகங்களையும் ஒருசேர ஏற்க முடியுமா என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கல்.

பட்டியல்களில் மொழியின் இடம்

நடத்தை விதிகளை எழுதியவர்கள் மொழியை ஒரே மாதிரி பார்க்கவில்லை. கட்டற்ற மென்பொருள் உலகில் பரவலாக ஏற்கப்பட்ட, 2014-இல் தொடங்கிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை நெறி, அடுத்தடுத்த பதிப்புகளில் கல்வி, பொருளாதார நிலை, சாதி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதன் 2.1 பதிப்பு வரையிலும் மொழி பட்டியலில் இல்லை; 3.0 பதிப்பில்தான் வந்தது. மொசில்லாவின் பங்கேற்பு விதிகள் தாய்மொழியைக் குறிப்பிடுகின்றன. விக்கிமீடியா நெறி சொல்வதோ தேர்ச்சி.

இந்த வேறுபாடு சிறியதல்ல. தாய்மொழி ஒருவருக்குப் பிறப்பால் வாய்ப்பது. சாதியையும் இனத்தையும் போல அவர் தேர்ந்துகொள்ளாதது. தேர்ச்சி அப்படியல்ல. உழைப்பால் அது கூடும். செய்யும் வேலையின் தரத்தையும் தொடும். ஆனால் அந்த உழைப்புக்கான வாய்ப்பு பிறப்பையும் பள்ளியையும் குடும்பத்தின் பணத்தையும் பொறுத்தே அமைகிறது. தேர்ச்சி இப்படிப் பாதி திறனாகவும் பாதி பிறப்படையாளமாகவும் இருப்பதுதான், வழக்கமான பாகுபாட்டுத் தடை விதிகளுக்குள் அது எளிதில் அடங்காததற்குக் காரணம்.

விக்கிமீடியா நெறியின் அமைப்பும் கேள்விக்கு இடம் தருகிறது. தேர்ச்சியைக் குறிப்பிடும் வாக்கியம், எதிர்பார்க்கப்படும் நடத்தையைப் பற்றிய பகுதியில் உள்ளது. அதன் பொருள், தேர்ச்சி குறைந்தவரை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்பதா? தேர்ச்சி குறைந்தவரும் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்பதா? இரண்டுமாகவும் கொள்ள இடமிருக்கிறது. ஏற்கத்தகாத நடத்தைகளைச் சொல்லும் பிற்பகுதியில், அவமதிப்புக்கு அடிப்படையாகக் கூடாத பண்புகளின் வரிசையில், மொழி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பிற பண்புகள் என்ற பொதுச்சொல்லுக்குள் அதை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்கள் தந்த விடைகள்

1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், தன் 2-ஆம் பிரிவிலேயே மொழியைப் பாகுபாட்டுக்கு அடிப்படையாகக் கூடாதவற்றுள் ஒன்றாக வைத்தது. ஆனால் மொழியை வைத்து வேறுபடுத்துவது எப்போது பாகுபாடாகிறது என்பதை அது சொல்லவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1968-இல், பெல்ஜியப் பள்ளிகளின் பயிற்றுமொழி குறித்த வழக்கில் ஓர் அளவுகோலைத் தந்தது. எல்லா வேறுபடுத்தலும் பாகுபாடு ஆகாது. புறநிலையான, நியாயமான காரணம் இல்லாதபோதும், நோக்கத்துக்கும் கையாளும் வழிக்கும் இடையே பொருத்தமான அளவு இல்லாதபோதும்தான் அது பாகுபாடு. பின்னாளில் வந்த பெரும்பாலான வாதங்கள் இந்த அளவுகோலின் நிழலில் நடந்தவை.

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம், வேலைவாய்ப்பில் பூர்வீக நாட்டின் பேரில் பாகுபாட்டைத் தடுக்கிறது, மொழியைக் குறிப்பிடவில்லை. அதன் விளைவு ஃப்ராகான்டே வழக்கில் தெரிந்தது. பிலிப்பைன்சிலிருந்து வந்த மேனுவல் ஃப்ராகான்டே, ஹொனலுலுவில் எழுத்தர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்றார். நேர்காணலில் அவருடைய உச்சரிப்பு குறையாகக் கருதப்பட்டு வேலை மறுக்கப்பட்டது. கவுன்டரில் நின்று பொதுமக்களிடம் பேசும் வேலை என்பதால் மறுப்பு செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. சட்ட அறிஞர் மாரி மட்சுடா 1991-இல் யேல் சட்ட இதழில் இதை விரிவாக மறுத்தார். அந்த வேலைக்கு எந்த அளவு தொடர்புத்திறன் தேவை, அதை நேர்மையாக அளந்தார்களா, முன்முடிவு இல்லாத கேட்பவருக்கு அவர் பேச்சு புரியுமா, நிறுவனம் என்ன ஏற்பாடு செய்திருக்கலாம் என்று அவர் அடுக்கிய கேள்விகள், இணையக் குழுக்களுக்கு அப்படியே பொருந்தக்கூடியவை. மூன்றாவது கேள்வியைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: புரிதல் தவறும்போது பழி எப்போதும் பேசுபவர் மேல்தான் விழவேண்டுமா?

தமிழர்களுக்கு நெருக்கமான சான்று இலங்கையுடையது. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் வேலை பார்த்துவந்த அரசு ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சித் தேர்வில் வென்றால்தான் சம்பள உயர்வு என்றானபோது, கோடீஸ்வரன் என்ற தமிழ் ஊழியர் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964-இல் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்காட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் அதைத் தள்ளியது. பிரிவி கவுன்சில் 1969-இல் அந்தத் தடையை நீக்கியது. மொழிச்சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற மையக் கேள்விக்கு விடை சொல்லாமல் திருப்பி அனுப்பியது. அது பின்னர் விசாரிக்கப்படவே இல்லை. அப்போதைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பளித்த 29-ஆம் பிரிவு 1972-இன் புதிய அரசியலமைப்போடு மறைந்துபோனது.

1978-ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு 12(2)-ஆம் உறுப்பில் மொழியின் பேரிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. உடனே ஒரு காப்பு வாசகத்தையும் சேர்க்கிறது. பதவியின் கடமையைச் செய்ய நியாயமாகத் தேவைப்படுமானால், ஒரு மொழியில் போதிய அறிவை நியாயமான காலத்துக்குள் பெறுமாறு கேட்பது சட்டப்படி சரி. வாசகத்தின் அளவில், உலகெங்கும் எழுதப்பட்டவற்றுள் இது தெளிவான ஒன்று எனலாம். தேவை, அளவு, கால அவகாசம் மூன்றையும் அது கேட்கிறது. வாசகம் தெளிவாக இருப்பதும் அது நேர்மையாக நடைமுறையாவதும் வேறு வேறு என்பதை அந்நாட்டின் வரலாறு காட்டியது.

மறுபக்கம் தமிழ்நாடு. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காடு பெற்றால்தான் மற்ற தாள்கள் திருத்தப்படும் என்று 2021-இல் அரசு ஆணையிட்டது. கொழும்பில் அநீதியாகத் தெரிந்த தேர்ச்சி நிபந்தனை சென்னையில் நியாயமாகத் தெரிவது முரண் அல்ல. இங்கே ஊழியரிடம் வரும் மக்கள் தமிழ் பேசுபவர்கள். நிபந்தனை வேலையில் சேரும் வாசலில் இருக்கிறது. அங்கே வேறு மொழியில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் மேல் நடுவழியில் நிபந்தனை விழுந்தது. தமிழ் பேசும் மக்களுக்குச் சிங்களத்தில் சேவை செய்வதை அவர்களுடைய தேவை என்று சொல்லவும் முடியாது. எனவே தேர்ச்சி நிபந்தனையை அதன் சொற்களை வைத்து எடைபோட முடியாது. யாருக்காக, யார்மேல், எப்போது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பொதுமொழி வேண்டும் என்போர்

இணையத் தொழில்நுட்பக் குழுக்களின் முதல் விடை நடைமுறை சார்ந்தது: எல்லோரும் ஒரே மொழியில் எழுதினால்தான் அறிவு ஓரிடத்தில் சேரும். எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதிப் பரவிய கேள்வி கேட்கும் கலை பற்றிய வழிகாட்டி, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரின் எழுத்துப் பிழைகளுக்குச் சலுகை தரலாம், சோம்பலுக்குத் தரக்கூடாது என்கிறது. பைத்தான் மொழியின் நடைவிதி, நிரலைப் பிறமொழியார் படிக்க மாட்டார்கள் என்பதில் 120 விழுக்காடு உறுதி இருந்தாலன்றிக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது. அந்த மொழியை உருவாக்கியவர் டச்சுக்காரர் என்பதால் இதை ஆங்கிலேயரின் திணிப்பு என்று சுருக்கிவிட முடியாது.

நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் நிறுவனர்களுள் ஒருவரான ஜெஃப் அட்வுட் 2009-இல், தளத்தில் ஆங்கிலக் கேள்விகள் மட்டுமே என்ற நிலைப்பாட்டை எடுத்தார். ஆனால் 2014-இல் அதே நிறுவனம் போர்த்துகீசிய மொழித் தளத்தைத் திறந்தது. ஜப்பானிய, ரஷ்ய, ஸ்பானிய தளங்கள் தொடர்ந்தன. நிரல் எழுதும் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்ற எடுகோள் பொய்த்ததை இந்த மாற்றம் ஒப்புக்கொண்டது.

பொதுமொழி வாதத்தின் வலுவான வடிவம் தத்துவவாதி ஃபிலிப் வான் பாரெய்ஸ் 2011-இல் எழுதிய நூலில் உள்ளது. ஆங்கிலம் பொதுமொழியாவதை அவர் வரவேற்கிறார். அதே மூச்சில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மற்றவர்கள் செலவில் பயனடைகிறார்கள், அந்தச் செலவில் அவர்களும் பங்கேற்க வேண்டும் என்கிறார். செலவு கற்பனை அல்ல. தட்சுயா அமானோ குழுவினர் 2023-இல் 8 நாடுகளின் 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோரின் கட்டுரைகள் மொழிக் காரணத்தால் நிராகரிக்கப்படும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பொதுமொழியை வேண்டும் இணையக் குழுக்கள் வான் பாரெய்ஸின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன என்பதே இந்த நிலைப்பாட்டின் பெரும் பலவீனமாகத் தோன்றுகிறது.

ஆதிக்கம் என்போர்

எதிர்ப்புறத்தில் மொழியாதிக்க ஆய்வு மரபு நிற்கிறது. டோவே ஸ்குட்நாப்-கங்காஸ் 1980-களில் இனவெறிக்கு இணையாக மொழிவெறி என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் ஆங்கிலப் பரவலின் பின்னுள்ள நிறுவன நலன்களை விவரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்த குரலான சுரேஷ் கனகராஜா, 1999-ஆம் ஆண்டு நூலில் போர்க்கால யாழ்ப்பாணத்தின் வகுப்பறைகளை வைத்து இந்த வாதத்தைத் திருத்தினார்: அங்குள்ள மாணவர்கள் ஆங்கிலத்தை வெறுமனே ஏற்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை, தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். எது பிழை, எது இன்னொரு வழக்கு என்ற எல்லை அப்போது நகர்கிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவே இந்த நகர்வைப் பாதி ஏற்றிருக்கிறது. அதன் நடைக்கையேடு இந்திய ஆங்கிலம் உள்ளிட்ட பல நாட்டு வழக்குகளை அந்தந்தக் கட்டுரைகளில் அனுமதிக்கிறது. ஆயினும் அனுமதி, அச்சேறி நிலைபெற்ற வழக்குகளுக்கே. லாகோசிலோ மதுரையிலோ தெருவில் கற்ற ஆங்கிலம் அங்கே இன்னும் பிழைதான்.

மொழியாதிக்க ஆய்வு மரபுக்கும் ஒரு குறை உண்டு. ஆதிக்க மொழியில் நுழைய முடியாதவரின் துயரை அது நன்கு விளக்குகிறது. தேர்ச்சியில்லாமல் சிறிய மொழிக்குள் நுழைபவர் செய்யும் கேட்டை விளக்க அதனிடம் கருவி குறைவு.

சிறிய மொழிகளின் அனுபவம்

2020 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் நிலை வெளியே தெரிந்தது. அம்மொழி தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவர், 12 வயதில் தொடங்கி, 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தார். ஆங்கில வாக்கியங்களில் சில சொற்களை மாற்றி வைத்தவை அவற்றுள் பல. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தடுக்கும் அளவுக்கு மொழி தெரிந்தவர்கள் அங்கு இல்லை, அவ்வளவே. ஸ்காட்ஸ் தனிமொழியா, சிதைந்த ஆங்கிலமா என்று ஏற்கெனவே ஏளனத்துக்கு உள்ளாகியிருந்த ஒரு மொழிக்கு அது பெரிய அடி. செய்தி பரவியதும் அந்த இளைஞர் மேல் வசை குவிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டுரைகளை நீக்குவதற்கு நியாயம் இருந்தது. ஆளைத் தாக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியா, இயந்திர மொழிபெயர்ப்பு நிறைந்த பக்கங்கள் காரணமாக 2025-இல் மூடப்பட வேண்டும் என்று முடிவானது. அத்தகைய பக்கங்கள் இயந்திரங்களுக்கே மீண்டும் பயிற்சித் தரவாகும்போது பிழை பெருகும் என்ற அச்சம் அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவம் சற்று வேறானது, பாடமும் வேறு. கூகுள் நிறுவனம் 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றியது. நடை இடறியது. தலைப்புத் தேர்வு தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருந்தது. குறை சுட்டினால் பதில் சொல்ல ஆள் இல்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை எதிர்த்து, 2010-இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தங்கள் மதிப்பீட்டை முன்வைத்தனர். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் அறியாதவர்கள் அல்லர். தமிழர் என்பதும், தமிழில் தொகுக்கத்தக்க உரைநடை எழுத வருவதும் வேறு என்பதைத் தமிழ் படித்த எவரும் அறிவர். வீட்டில் தமிழ் பேசி ஆங்கிலவழியில் படித்த ஒரு தலைமுறைக்கு எழுத்துத் தமிழ் ஏறக்குறைய இரண்டாம் மொழி. தமிழ் விக்கிப்பீடியா தேர்ச்சி நிபந்தனையை இறுக்கினால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். வழக்கு வேறுபாட்டில் அது தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது: ஆக்சிசனும் ஒட்சிசனும் ஒரே கலைக்களஞ்சியத்தில் வாழ முடியும் என்று தமிழ்நாட்டாரும் இலங்கையரும் பேசி இணங்கியது எளிய காரியம் அல்ல.

எந்த வேலைக்கு எவ்வளவு மொழி

மேற்கண்ட நிலைப்பாடுகளுக்கு நடுவே, வேலையை அளவுகோலாக வைப்பதே தாங்கும் என்று தோன்றுகிறது. மட்சுடாவின் கேள்விகளும் இலங்கை அரசியலமைப்பின் காப்பு வாசகமும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. கட்டுரை எழுத உயர்ந்த தேர்ச்சி வேண்டும். படம் ஏற்ற, வரைபடம் திருத்த, தரவு சேர்க்க, நிரல் பிழை நீக்க அதில் சிறுபகுதி போதும். விக்கித் தளங்களில் பயனர்கள் தம் மொழித்திறனை 0 முதல் 5 வரை தாமே அறிவிக்கும் பேபல் பெட்டி இந்தப் பார்வைக்கு உதவும் எளிய சாதனம். பிறருக்குத் தேர்வு வைக்காமல் எதிர்பார்ப்பை அது சீராக்குகிறது.

ஆனால் ஓர் இடத்தில் இந்த அளவுகோல் தலைகீழாக வேண்டும். இதைப் பெரும்பாலான விவாதங்கள் தவறவிடுகின்றன. ஒருவர்மேல் குற்றச்சாட்டு வரும்போது அவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதியாக வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு முன் வழக்குக் கோரிக்கைக்கு ஒருவர் தரும் அறிக்கைக்குப் பொதுவான வரம்பு 500 சொற்கள். விதிப்பக்கங்களின் சுட்டிகளைக் கோத்து, நிதானமான தொனியில், நுட்பமான மன்னிப்போடு எழுதத் தெரிந்தவர் அந்த வரம்புக்குள் தப்பிவிடலாம். மொழி தடுமாறுபவரின் நேரடியான வாக்கியம் முரட்டுத்தனமாகப் படிக்கப்படலாம். மரியாதை விகுதிகள் உள்ள மொழியிலிருந்து வருபவருக்கு அவை இல்லாத மொழியில் பணிவைக் காட்டும் வழி உடனே பிடிபடாது. நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளரைத் தருகிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை தன் 14-ஆம் பிரிவில் அதைக் கட்டணமின்றித் தரக் கோருகிறது. தன்னார்வக் குழுவிடம் நீதிமன்றத்தின் பணமும் ஆளும் இல்லை. எனினும் தண்டனை தரும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட அமைப்பு, குற்றச்சாட்டைப் புரியவைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எழுதும் தேர்ச்சியை எழுதுபவரிடம் கேட்கலாம். விசாரணையில் மொழியின் சுமையை விசாரிப்பவர் சுமக்க வேண்டும்.

பெருநிறுவனத் தளங்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஃபேஸ்புக் 111 மொழிகளில் இயங்கியபோது அதன் நடத்தை விதிகள் 41 மொழிகளில்தான் கிடைத்தன என்று ராய்ட்டர்ஸ் 2019-இல் எழுதியது. படிக்கவே முடியாத விதியை மீறியதாக ஒருவரைத் தண்டிப்பதற்குத் தன்னார்வக் குழுவின் ஏழ்மையைப் போன்ற சமாதானம் அங்கே இல்லை.

இயந்திரம் வந்த பிறகு

பெருமொழி மாதிரிகள் வந்தபின் தேர்ச்சியின் மேற்பூச்சை எவரும் பெறலாம் என்றாகிவிட்டது. அதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை; இடம் மாறியிருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய விடைகளைத் தடைசெய்தது. போலி விடைகளின் வெள்ளத்தைத் தடுக்க அது தேவைப்பட்டது. தன் சரியான விடையின் ஆங்கிலத்தை மட்டும் இயந்திரத்திடம் செப்பனிட்டு வாங்குபவரும் அதே சந்தேகத்துக்கு ஆளாகிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோருக்கான டோஃபல் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை இயந்திர எழுத்தைக் கண்டறியும் 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் கூறின. எளிய, குறைந்த சொல்வளமுள்ள ஆங்கிலம் இயந்திரத்தனமாகத் தெரிந்திருக்கிறது. பிழையோடு எழுதினால் திறமையில்லாதவர், பிழையில்லாமல் எழுதினால் ஏமாற்றுபவர் என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளும் நடைமுறை எந்த நடத்தை நெறிக்கும் பொருந்தாது.

எஞ்சி நிற்பவை

தேர்ச்சியைக் காரணம் காட்டும் முடிவுகள் எல்லாமே பாகுபாடு என்ற வாதம் சிறிய மொழிகளின் அனுபவத்தின் முன் நிற்கவில்லை. எதுவுமே பாகுபாடு அல்ல என்ற வாதம் ஃப்ராகான்டேயின் முன்னும் கோடீஸ்வரனின் முன்னும் நிற்கவில்லை. மொழித்தேர்ச்சியை நடத்தை நெறிக்குள் கொண்டுவந்தது, என் மதிப்பீட்டில், சரியான முதல் அடி. ஆனால் ஆளை மதிப்பதற்கும் பணியை மதிப்பிடுவதற்கும் இடையே உள்ள கோட்டை அந்த வாசகம் வரையவில்லை. நெறியை நடைமுறைப்படுத்தும் குழுக்களின் முடிவுகள்தான் வழக்கு வழக்காக அதை வரைய வேண்டியிருக்கும்.

செலவை யார் ஏற்பது என்பதும் முடிவாகவில்லை. விசாரணைகளை மொழிபெயர்க்கத் தன்னார்வலர்களின் ஓய்வுநேரத்தை நம்புவதா, நன்கொடைப் பணத்தில் ஆள் அமர்த்துவதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பு உதவலாம். ஆனால் தமிழ் போன்ற மொழிகளில் தொனியையும் மரியாதையையும் அது இன்னும் தவறவிடக்கூடும் என்பதால், ஒருவரின் தலைவிதியை முடிவுசெய்யும் உரையில் அதைத் தனியே நம்புவது ஆபத்து.

எல்லாவற்றிலும் கடினமானது, அளப்பவர் யார் என்பது. ஆங்கிலத்தில் ஒருவரின் தேர்ச்சியைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான்கைந்து பேர் மட்டுமே எழுதும் ஒரு மொழியில், புதிதாக வருபவரின் மொழி பிழையா, வேற்று ஊர் வழக்கா, இளைய தலைமுறையின் நடையா என்று சொல்லும் அதிகாரம் அந்த நான்கைந்து பேரிடமே இருக்கிறது. அவர்களும் தவறலாம், ஸ்காட்ஸில் தளத்தை நடத்திய இடத்திலேயே தவறு இருந்தது. வெளியிலிருந்து மொழி அறிஞர்களை அழைக்கலாம் என்றால், எந்த வட்டாரத்தின், எந்த வகுப்பின் மொழியை அவர்கள் அளவாகக் கொள்வார்கள் என்ற கேள்வி எழுகிறது. இதற்கு இதுவரை எந்த நடத்தை விதியும் விடை எழுதவில்லை.